கூடு விட்டுக் கூடு பாயும் கணக்கு



திருமூலரைப் பற்றிய கதை நம் தோட்டத்துப் பெரியவர்களுக்குத் தெரிந்ததே. மாடு மேய்க்கும் மூலன் இறந்து கிடக்கிறான். அவனுடைய மாடுகள் அவனைச் சுற்றி நின்று கதறுகின்றன. அவ்வழியே வந்த யோகியார் அந்த வாயில்லா ஜீவன்களின் துயரம் பொறாமல், தம் உடலை ஓரிடத்தில் மறைத்து வைத்துவிட்டு மூலனுடைய உடலுக்குள் புகுந்தார் என்பார்கள். கூடு விட்டுக் கூடு பாய்தல் என்று இதனைச் சொல்வது வழக்கம். கணினிகளும் இப்படிக் கூடு விட்டுக் கூடு பாய்கின்றன. பழைய உயிர் புதிய உடலுக்குள் புகுகிறது. ஏன் இப்படிச் செய்கிறார்கள், இதனால் யாருக்கு நன்மை, எந்த இடத்தில் ஆபத்து என்பதைச் சிங்கப்பூரின் வரலாற்றைக் கொண்டு இன்று பார்ப்போம்.

சென்ற பள்ளி விடுமுறையில் நாம் ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குச் சென்றிருந்தோம். தேக்கா சந்தையில் இறங்கி, சிராங்கூன் சாலை வழியாக நடந்தோம். இருபுறமும் வண்ணம் பூசிய இரண்டு மாடிக் கடைவீடுகள். 1989-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சிங்கப்பூர் அரசு லிட்டில் இந்தியாவைப் பாதுகாப்பு வட்டாரமாக அறிவித்தது. அன்று முதல் இந்தக் கடைவீடுகளின் முகப்பை எவரும் தம் விருப்பம்போல் இடித்துவிட முடியாது. ஆகவே, வெளியே பழைய சன்னல்களும் ஐந்தடி நடைபாதையும் அப்படியே இருக்க, உள்ளே புதிய மின்கம்பிகளும் குளிர்சாதனமும் வந்துவிட்டன.

அந்தக் கடைவீடுகளுள் ஒன்றில் நம் மாமா முறையாகும் ஒருவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். கடையின் பின்னறையில் கறுப்புப் பெட்டி ஒன்று மெல்ல இரைந்துகொண்டிருந்தது. “புதுசா மாமா?” என்று கேட்டோம். “பெட்டி புதுசு தம்பி. உள்ளே ஓடுறது இருபது வருசத்துப் பழசு” என்று சிரித்தார். வெளியே நாம் பார்த்த கடைவீடு பழைய மேனிக்குள் புதிய உள்ளீடு. இந்தப் பெட்டியோ புதிய மேனிக்குள் பழைய உள்ளீடு. நடந்தது இதுதான். கடையின் பற்றுவரவுக் கணக்கெல்லாம் ஒரு பழைய கணக்கு நிரலில் இருந்தது. பழைய இயந்திரம் ஒரு நாள் நின்றுபோயிற்று. புதிய இயந்திரம் வாங்கினார்கள். புதிய இயந்திரமோ பழைய நிரலை ஏற்க மறுத்துவிட்டது.

இது ஏன் நேர்கிறது? இதனைப் புரிந்துகொள்ள நம் தோட்டத்து ஆபீசை நினைத்துக்கொண்டால் போதும். ஸ்டோர் இருக்கிறது, லாரி இருக்கிறது, தராசு இருக்கிறது. தொழிலாளர்களும் இருக்கிறார்கள். ஆனால் எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு, எந்த லாரி எந்த நேரத்துக்கு, யாருக்கு எந்த நிரை என்பதையெல்லாம் ஒழுங்குபடுத்த ஒரு கிராணி வேண்டும். கணினியில் இந்தக் கிராணியின் வேலையைச் செய்வது இயங்குதளம். விண்டோஸ், லினக்ஸ் என்பவை இயங்குதளங்களின் பெயர்கள். ஒரே நேரத்தில் பலருக்கும் பல கணினிகளுக்கும் கணக்கையும் தகவலையும் எடுத்துக் கொடுக்கும் பெரிய இயந்திரத்தை சர்வர் என்கிறார்கள். அதற்கும் ஒரு கிராணி உண்டு.

பழைய கிராணியைப் புதிய தோட்டத்துக்கு மாற்றினால் என்ன ஆகும்? அவர் கெட்டிக்காரர்தாம். ஆனால் அந்தத் தோட்டத்துப் பூட்டுகளின் சாவி அவரிடம் இல்லை. 2001-ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி என்னும் இயங்குதளத்தை எடுத்துக்கொள்வோம். அதற்குப் பின்னர் வந்த புதுவகைத் தட்டு இணைப்புகளைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அதை நிறுவ முயன்றால், தட்டு எதுவும் இல்லை என்று சொல்லி நின்றுவிடும். அந்தக் காலத்தில் இதற்கொரு வழி இருந்தது. தட்டை எப்படிக் கையாள்வது என்ற குறிப்பை ஒரு நெகிழ்தட்டில் எழுதி, நிறுவும்போது செருகிக் கொடுப்பார்கள். இன்றைய சர்வரிலோ நெகிழ்தட்டுச் செருகும் வாயே இல்லை. நினைவகத்திலும் தடை உண்டு. எக்ஸ்பியின் 32-பிட் பதிப்பால் 4 கிகாபைட்டுக்கு மேல் எண்ணிப் பயன்படுத்த இயலாது. இன்றைய சர்வர்களில் நூற்றுக்கணக்கான கிகாபைட் நினைவகம் இருப்பது சாதாரணம். ஆயிரம் ஏக்கர்த் தோட்டத்தில் நான்கு ஏக்கரை மட்டுமே கண்டறிந்த கிராணியைப்போல் அது விழிக்கும்.

அப்படியானால் பழையதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதைப் போட்டுக்கொள்ளலாமே என்று நம் பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இதற்கு விடை சொல்ல நாம் எழுபது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1955-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் சிங்கப்பூரில் மத்திய சேமநிதி தொடங்கியது. நம் மலாயாவில் 1951-இல் தொடங்கிய ஊழியர் சேமநிதியைப் போன்றதுதான். தொழிலாளியின் சம்பளத்திலிருந்து 5 விழுக்காடு, முதலாளியிடமிருந்து 5 விழுக்காடு என்று அன்று பிடித்தார்கள். இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்த ஒருவர் ஐம்பத்தைந்தாவது வயதில் தம் பணத்தைக் கேட்டு வருவார். ஆக, முப்பத்தைந்து ஆண்டுக் காலம் ஒருவருடைய பெயரும் கணக்கும் ஒரு காசு பிசகாமல் காக்கப்பட வேண்டும். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர், நகராண்மைக் கழகத்தில் தெருக்கூட்டியவர், தச்சர், கடைச் சிப்பந்தி ஆகிய எல்லாருடைய முதுமையும் அந்தக் கணக்கில் அடங்கியிருந்தது.

இத்தனை பேருடைய கணக்கையும் கையால் எழுதி மாளாது. எனவே 1960-களின் முற்பகுதியிலேயே மத்திய சேமநிதிக் கழகம் கணினியை நாடியது. அங்கு வந்த ஐபிஎம் 1401 என்னும் இயந்திரம் சிங்கப்பூரின் முதல் கணினிகளுள் ஒன்று. ஐபிஎம் நிறுவனம் அதனை 1959-இல் அறிமுகப்படுத்தியது. துளையிட்ட அட்டைகளைப் படித்து அது கணக்குப் போடும். அதன் நினைவகத்தில் மிகப் பெரிய அளவே 16,000 எழுத்துகள்தாம். நம் பிள்ளைகளின் கைபேசியில் உள்ள ஒரு புகைப்படத்தைக்கூட அதில் வைக்க இடம் போதாது. ஆயினும் உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட 1401 இயந்திரங்கள் வேலை செய்தன.

இங்கேதான் சிக்கல் பிறந்தது. அந்நாளில் ஒரு கணினிக்கு எழுதிய நிரல் மற்றொரு வகைக் கணினியில் ஓடாது. புதிய இயந்திரம் வாங்கினால், பல ஆண்டு உழைப்பில் எழுதிய நிரல்கள் அனைத்தையும் மறுபடி எழுத வேண்டும். எழுதும்போது ஒரு பிழை நேர்ந்தால், யாரோ ஒரு தொழிலாளியின் கணக்கில் அது விழும். புதியது வேகமானது என்று தெரிந்தும் அலுவலகங்கள் தயங்கியதற்குக் காரணம் இதுவே.

இந்தத் தயக்கத்தை முதலில் பயன்படுத்திக்கொண்டது ஐபிஎம்மின் போட்டி நிறுவனமான ஹனிவெல். 1963-ஆம் ஆண்டின் கடைசியில் அது ஹனிவெல் 200 என்ற கணினியை அறிவித்தது. 1401-க்கு எழுதிய நிரல்களைத் தன் கணினிக்கு மாற்றித் தரும் கருவி ஒன்றையும் அதனுடன் கொடுத்து, அதற்கு ‘விடுவிப்பவன்’ என்று பொருள்படும்படி லிபரேட்டர் எனப் பெயரிட்டது. அடுத்த ஆண்டே, அதாவது 1964 ஏப்ரல் 7-இல், ஐபிஎம் தன் சிஸ்டம் 360 குடும்பத்தை அறிவித்தது. அதன் சிறிய கணினிகள் 1401-ஐப் போலவே நடிக்கக் கற்றிருந்தன. பழைய நிரல் புதிய இயந்திரத்துக்குள் புகுந்து, தான் இன்னும் பழைய இயந்திரத்தில்தான் இருக்கிறோம் என்றெண்ணி ஓடியது. அந்த 360-க்காக எழுதப்பட்ட நிரல்கள் பலவற்றை இன்றைய ஐபிஎம் பெருங்கணினிகளும் ஏற்று ஓட்டுகின்றன என்பது வியப்புக்குரிய செய்தி.

1972-இல் ஐபிஎம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. விஎம் 370 என்ற ஏற்பாட்டினால், ஒரே கணினிக்குள் பல பாவனைக் கணினிகளை உண்டாக்க முடிந்தது. நம் கோவில் திருவிழாவில் போடும் நாடக மேடையைப் போன்றது இது. ஒரே மேடைதான். ஒரு திரை விழுந்தால் அரண்மனை, மறு திரை விழுந்தால் காடு. அரண்மனைத் திரையின் முன் நிற்கும் நடிகர் அரசராகவே நடந்துகொள்கிறார். அதுபோல, பழைய இயங்குதளத்துக்குப் பழக்கமான தட்டையும் நினைவகத்தையும் பாவனையாகக் காட்டிவிட்டால், அடியில் இருப்பது புத்தம்புதிய சர்வர் என்பதே அதற்குத் தெரியாது. 1999-இல் விஎம்வேர் என்ற அமெரிக்க நிறுவனம் இதே வித்தையைச் சாதாரண மேசைக் கணினிகளுக்கும், சில ஆண்டுகளில் சர்வர்களுக்கும் கொண்டுவந்தது. இதனை மெய்நிகர் இயந்திரம் என்று தமிழில் சொல்கிறோம். சிராங்கூன் சாலை மாமாவின் கடையில் ஒரு இளைஞர் வந்து செய்துகொடுத்ததும் இதுதான். பழைய இயங்குதளம், அதனுள் பழைய கணக்கு நிரல், அதனுள் வாடிக்கையாளர்களின் பற்றுவரவு. எல்லாம் பாவனை இயந்திரத்துக்குள் பத்திரமாக அமர்ந்துவிட்டன.

சிங்கப்பூர் இதற்கிடையில் வெகுவாக முன்னேறியது. 1981-இல் தேசியக் கணினி வாரியம் அமைந்தது. அரசாங்க அலுவலகங்களைக் கணினிமயமாக்கும் திட்டமும் அப்போதே தொடங்கியது. 1989 ஜனவரியில் டிரேட்நெட் வந்தது. கப்பல் சரக்குக்குரிய பத்திரங்களைத் தாளில் எழுதி அலுவலகம் அலுவலகமாக அலைந்த காலம் போய், கணினி வழியாகவே அனுப்பும் காலம் பிறந்தது. மத்திய சேமநிதிக்காக 1976-இல் ராபின்சன் சாலையில் எழும்பிய உயரமான கட்டடம்கூட இன்று இல்லை. அதை இடித்துவிட்டு அங்கு வேறொரு மாடிக் கட்டடம் கட்டிவிட்டார்கள். இயந்திரம் போயிற்று, கட்டடமும் போயிற்று. ஆனால் கணக்கு போகவில்லை. அது ஒரு கூட்டிலிருந்து மறு கூட்டுக்குப் பாய்ந்துகொண்டே வந்திருக்கிறது. இது தானாக நடந்ததன்று. ஒவ்வொரு தலைமுறையிலும் சிலர் பொறுப்புடன் நின்று மாற்றிவைத்ததால் நடந்தது.

நம் மொழிக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. சிங்கப்பூர் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி அவர்கள், கணினியில் தமிழ் ஏறுவதற்கு அரும்பாடுபட்டவர். 1995 அக்டோபர் 27-ஆம் நாள், சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளைத் தாங்கிய இணையத்தளத்தை அன்றைய அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தபோது, அதில் தமிழும் தன் சொந்த எழுத்தில் நின்றது. கோவிந்தசாமி உருவாக்கிய கணியன் என்ற மென்பொருள் அதற்குத் துணைபுரிந்தது. அவர் 1999-இல் காலமானார். அந்நாளில் தமிழ் எழுத்துருக்கள் பலவாக இருந்தன. ஒன்றில் தட்டெழுதியது மற்றொன்றில் புரியாது. இன்று உலகம் யூனிகோடு என்னும் பொது முறைக்கு வந்துவிட்டது. பழைய முறையில் சேமித்த கோப்பைப் புதிய கணினியில் திறந்தால், தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற குறிகளே பல வேளைகளில் தெரிகின்றன. பழைய எழுத்துருவும் பழைய மென்பொருளும் ஓடும் ஒரு பாவனை இயந்திரம் இருந்தால், அதைத் திறந்து படித்து யூனிகோடுக்கு மாற்றிவிடலாம். இல்லையேல் ஒருவர் எழுதிய கதையும் கட்டுரையும் தட்டில் இருந்தும் இல்லாததற்குச் சமம்.

இதுவரை நன்மையைப் பார்த்தோம். இனி ஆபத்தைப் பார்ப்போம்.

இயங்குதளம் மனிதர் எழுதியது. அதில் ஓட்டைகள் இருக்கும். ஓட்டை தெரியவரும்போதெல்லாம் அதை எழுதிய நிறுவனம் திருத்தம் அனுப்பும். கூரைத் தகரத்தில் ஓட்டை விழுந்தால் தார் வைத்து அடைப்பதைப்போல. ஆனால் என்றென்றும் அனுப்பிக்கொண்டிருக்காது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-ஆம் நாளுடன் திருத்தம் அனுப்புவதை நிறுத்தினார்கள். விண்டோஸ் சர்வர் 2003-க்கு 2015 ஜூலை 14-ஆம் நாளுடன் நிறுத்தினார்கள். அதன் பிறகு ஓட்டை விழுந்தால் வழக்கமாக அடைப்பார் இல்லை. புதிய சர்வருக்குள் வைத்தாலும் இதே நிலைதான். உடல் புதிதாவதால் உயிரின் நோய் தீர்ந்துவிடாது.

2017 மே 12-ஆம் நாள் இதை உலகம் கண்கூடாகக் கண்டது. வான்னகிரை என்ற தீநிரல் கணினிகளுக்குள் புகுந்து, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் சிக்கின. இங்கிலாந்தில் பல மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. சிங்கப்பூரில் அரசாங்க அமைப்புகள் தப்பினாலும், தியோங் பாரு பிளாசா கடைத்தொகுதியில் வழிகாட்டும் மின்திரைகளில் அந்த மிரட்டல் தோன்றிற்று. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்று மிகுதியாகச் சிக்கியவை மிகப் பழைய எக்ஸ்பி இயந்திரங்கள் அல்ல. அப்போதும் திருத்தம் வந்துகொண்டிருந்த விண்டோஸ் 7 இயந்திரங்களே. இரண்டு மாதம் முன்னதாக, மார்ச் 14-ஆம் நாளே அதற்கான திருத்தம் வெளியாகியிருந்தது. வாங்கிப் போட்டுக்கொள்ளாதவர்களே அகப்பட்டார்கள்.

அடுத்த ஆண்டு இன்னும் பெரிய துயரம் வந்தது. 2018 ஜூன், ஜூலை மாதங்களில் சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்தின் தகவல் தளத்திலிருந்து ஏறத்தாழ 15 லட்சம் நோயாளிகளின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி, பிறந்த தேதி முதலியன திருடப்பட்டன. அவர்களுள் 1,60,000 பேர் வாங்கிய மருந்துகளின் விவரமும் போயிற்று. பிரதமராக இருந்த லீ சியன் லூங்கின் விவரமும் அதில் அடங்கும். ரிச்சர்ட் மேக்னஸ் தலைமையிலான விசாரணைக் குழு 2019 ஜனவரியில் தன் அறிக்கையை வெளியிட்டது. ஒரு கணினியில் இருந்த மின்னஞ்சல் மென்பொருளுக்குத் திருத்தம் கிடைத்திருந்தும் அதைப் போடாமல் விட்டது, எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல், ஊழியர்களுக்குப் போதிய பயிற்சி இல்லாமை ஆகியவை அதில் எடுத்துக்காட்டப்பட்டன. தகவல் தொழில்நுட்பத்தைக் கவனித்த நிறுவனத்துக்கு 7,50,000 வெள்ளியும், சிங்ஹெல்த்துக்கு 2,50,000 வெள்ளியும் தண்டம் விதிக்கப்பட்டன. செல்வம் மிக்க நாடு, படித்த ஊழியர்கள், விலையுயர்ந்த இயந்திரங்கள். இத்தனையும் இருந்தும் கவனிப்பில் தவறியபோது கதவு திறந்துவிட்டது.

ஆகவே, பழையதைப் புதியதில் ஓட்டுவது தவறு என்றும் சொல்வதற்கில்லை. அதுவே போதும் என்றும் சொல்வதற்கில்லை. அது ஆற்றைக் கடக்கப் போடும் மரப்பாலம். கணக்கு அறுந்துபோகாமல் அக்கரை சேர்வதற்கு அது வேண்டும். அதன் மேலேயே குடிசை போட்டுத் தங்கிவிடக்கூடாது. மாமாவின் கடையில் அந்த இளைஞர் மூன்று காரியம் செய்திருந்தார். பழைய இயங்குதளத்துக்கு இணையத் தொடர்பே கொடுக்கவில்லை. வாரம் ஒருமுறை கணக்கைப் படியெடுத்து வேறிடத்தில் வைக்கப் பழக்கினார். ஓராண்டுக்குள் கணக்கு முழுவதையும் புதிய நிரலுக்கு மாற்றிவிட வேண்டும் என்று நாளும் குறித்துக் கொடுத்தார். சிறிய கடைக்கும் பெரிய அலுவலகத்துக்கும் இந்த மூன்றுமே பொருந்தும்.

இதெல்லாம் நமக்கெதற்கு என்று தோட்டத்து மக்கள் எண்ணிவிடலாகாது. கணக்கு தொலைந்தால் என்ன ஆகும் என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்? தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற நாளில், செக்ரோல் புத்தகங்கள் எங்கே போயின என்று கேட்பார் இல்லை. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்றானபோது, இந்த மண்ணிலேயே பிறந்தும் பிறப்புப் பத்திரம் காட்ட முடியாமல் தவித்தவர்கள் நம் தாத்தா பாட்டிமார். பலர் கப்பலேறினர். ஒரு தாளின் மதிப்பு அன்று தெரிந்தது.

இன்று அந்தத் தாளின் இடத்தில் சர்வர் இருக்கிறது. அதுவும் தொலைவில் இல்லை. இடமும் மின்சாரமும் நெருக்கடியானதால் சிங்கப்பூர் 2019 முதல் சில ஆண்டுகள் புதிய தரவு மையங்களுக்கு அனுமதி தருவதை நிறுத்திவைத்தது. அதன்பின் ஜொகூரில் அவை விரைந்து பெருகின. கூலாய் வட்டாரத்தில் செம்பனை நின்ற தோட்ட நிலத்திலேயே சர்வர் கூடங்கள் எழுந்துள்ளன. நம் பெற்றோர் பிரட்டுக்கு நின்ற மண்ணில் இன்று உலகத்தின் கணக்குகள் உட்கார்ந்திருக்கின்றன. அங்கே காவலுக்கும் துப்புரவுக்கும் மட்டுமே நம் பிள்ளைகள் போக வேண்டும் என்பதில்லை. அந்த இயந்திரங்களைக் கவனிக்கும் படிப்பைப் படித்து, கிராணியின் நாற்காலியிலும் அவர்கள் அமரலாம்.

பெற்றோர்களே, இன்றிரவே செய்யக்கூடியவை சில உண்டு. ஊழியர் சேமநிதிக் கணக்கறிக்கையை ஆண்டுக்கொரு முறை அச்சிட்டுப் பத்திரமாக வையுங்கள். சிங்கப்பூரில் வேலை செய்து மத்திய சேமநிதி உள்ளவர்களும் அவ்வாறே செய்யுங்கள். பெயரின் எழுத்து அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கிறதா என்று பாருங்கள். திருத்தம் வருவது நின்றுபோன கைபேசியிலும் கணினியிலும் வங்கி வேலை செய்யாதீர்கள். விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் வழக்கமான திருத்தங்கள் நின்றுவிட்டன என்பதை நினைவில் வையுங்கள். பழைய கணினியில் பிள்ளைகளின் படங்களும் பத்திரங்களும் இருந்தால், அது ஓடும்போதே படியெடுத்துவிடுங்கள்.

யோகியார் திரும்பி வந்தபோது தம் பழைய உடலைக் காணவில்லை என்று கதை முடிகிறது. மாடுகள் மட்டும் பத்திரமாக வீடு சேர்ந்திருந்தன. எந்தக் கூட்டிலிருந்து எந்தக் கூட்டுக்குப் பாய்ந்தாலும், நம்பியிருப்பவர்களின் கணக்கு வீடு சேர வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அலுவலகத்துக்கும் உண்டு, நமக்கும் உண்டு.